கண்ணினுள் வைத்த வில்லை
அறுவைக்குப் பின் நேரும் இடர்களும் அவற்றை அறியும் வகையும்

முதுமையில் மனிதரை வந்தடையும் குறைகளுள் கண்புரையும் ஒன்று. தலைமயிர் நரைப்பது எவ்வளவு இயல்போ, அவ்வளவு இயல்பாகவே கண்ணினுள் இருக்கும் வில்லையும் காலப்போக்கில் தெளிவிழந்து மங்குகின்றது. மங்கிய வில்லையை நீக்கிவிட்டு, அதன் இடத்தில் செயற்கை வில்லை ஒன்றைப் பொருத்தும் அறுவை, இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்பெறும் அறுவைகளுள் ஒன்றாகும். காலையில் மருத்துவமனைக்குச் சென்றவர் மாலையில் வீடு திரும்பிவிடுகிறார். மறுநாள் கட்டை அவிழ்த்ததும் சுவரிலுள்ள நாட்காட்டியின் எழுத்தைப் படிக்கிறார்.

இந்த எளிமையே தவறான எண்ணங்கள் இரண்டிற்கு இடங்கொடுத்துவிட்டது. அறுவை முடிந்தவுடன் எல்லாம் முடிந்தது என்று கருதி, கண்ணில் தோன்றும் வலியையும் சிவப்பையும் பொருட்படுத்தாதவர் ஒரு சாரார். சில ஆண்டுகள் கழித்துப் பார்வை மங்கும்போது, “புரை மறுபடியும் வளர்ந்துவிட்டது, இனி விதி விட்ட வழி” என்று வாளா இருந்துவிடுவோர் மற்றொரு சாரார். முன்னவர் ஓரிரு நாளில் கண்ணையே இழக்க நேரிடலாம். பின்னவரோ, சில நிமிடங்களில் தீரக்கூடிய ஒரு குறைக்காகப் படிப்பையும் நடமாட்டத்தையும் ஆண்டுக்கணக்கில் இழந்திருப்பர். இவ்விரு சாராரும் நம் வீடுகளில் இருக்கின்றனர். ஆதலின், செயற்கை வில்லை பொருத்திய பின்னர் நேரக்கூடிய இடர்கள் யாவை, அவை ஏன் நேர்கின்றன, எதற்கு உடனே ஓட வேண்டும், எதற்குப் பொறுத்திருக்கலாம் என்பவற்றை இங்கு ஒருவாறு ஆராய்வோம்.

கண்ணின் அமைப்பு

கண்ணின் முகப்பில், கடிகாரத்தின் மேலுள்ள கண்ணாடி போன்று வளைந்து தெளிவாக அமைந்திருப்பது விழிவெண்படலம். அதன் பின்னால் கருவிழித் திரை. அத்திரையின் நடுவிலுள்ள துளையே கண்மணி. கண்மணிக்குப் பின்னால், மெல்லிய பையொன்றினுள் வில்லை அமைந்துள்ளது. நுண்ணிய நார்கள் பல இப்பையைச் சுற்றிலும் பற்றிக் கூடாரக் கயிறுகள் போல் தாங்கி நிற்கின்றன. வில்லைக்குப் பின்னால் கண்ணின் பெரும்பகுதியை நிரப்பி நிற்பது பளிங்கு போன்ற குழம்பு. எல்லாவற்றிற்கும் பின்னால், உட்சுவரில் பூசினாற்போல் படர்ந்திருப்பது விழித்திரை. விழித்திரையின் நடுப்புள்ளியே எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளங்காணவும் உதவும் இடம்.

விழிவெண்படலத்தின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக நுண்ணிய உயிரணுக்கள் உள்ளன. படலத்தினுள் நீர் தேங்காமல் இறைத்து வெளியேற்றுவது இவற்றின் தொழில். முதியவர் கண்ணில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,500 அணுக்கள் இருக்கும். இறந்துபட்ட அணுக்களுக்கு ஈடாகப் புதியவை தோன்றுவதில்லை. இந்த ஒரு செய்தியை நினைவிற் கொண்டால், பின்னர்க் கூறப்போகும் இடர் ஒன்று எளிதில் விளங்கும்.

வில்லை வந்த வரலாறு

மங்கிய வில்லையை ஊசியால் கீழே தள்ளிவிடும் முறையைச் சுசுருத சங்கிதை பழங்காலத்திலேயே கூறியுள்ளது. வில்லையைக் கண்ணிலிருந்து வெளியே எடுக்கும் முறையைப் பிரஞ்சு மருத்துவர் ழாக் தவியேல் 1747இல் செய்து காட்டினார். ஆயினும், எடுத்த வில்லைக்கு ஈடாக ஒன்றும் வைக்கப்படவில்லை. நோயாளி கனத்த கண்ணாடி அணிய வேண்டியிருந்தது. அக்கண்ணாடியினூடே பார்த்தால் பொருள்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றும். படிக்கட்டு காலுக்கு எட்டாது. ஓரங்களில் பார்வை வளையும். நம் பாட்டன் பாட்டியர் அணிந்த சோடாப் புட்டியின் அடிபோன்ற கண்ணாடிகளை நினைவுகூர்வோர் இன்னும் உளர்.

இரண்டாம் உலகப்போரின்போது, பிரிட்டிஷ் போர் விமானிகள் சிலரின் கண்களில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் பாய்ந்தன. அவற்றைக் கவனித்த இலண்டன் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி, கூர்முனை கண்ணின் உயிர்ப்பகுதியை உறுத்தாதவரை, அச்சில்லுகள் கண்ணினுள் தீங்கின்றித் தங்கிவிடுவதைக் கண்டார். பின்னொரு நாள், அறுவையைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், எடுத்த வில்லைக்குப் பதிலாக வேறொன்று வைப்பதில்லையா என்று கேட்டாராம். இவ்விரண்டும் சேர்ந்து ஒரு முயற்சிக்கு வித்திட்டன. 1949 நவம்பர் 29ஆம் நாள், இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், 45 வயதுப் பெண்மணி ஒருவரின் கண்ணில் ரிட்லி பிளாஸ்டிக் வில்லையை முதன்முதலாக வைத்தார். அது நிலையாகத் தங்குமாறு பொருத்தப்பட்டது 1950 பிப்ரவரி 8இல்.

அந்த முதல் அறுவையிலேயே முதல் இடரும் தோன்றிற்று. இயற்கை வில்லையின் வளைவையே செயற்கை வில்லைக்கும் கொடுத்திருந்தனர். ஆனால் பிளாஸ்டிக், இயற்கை வில்லையினும் மிகுதியாக ஒளியை வளைப்பது. அதனால் அப்பெண்மணிக்குக் கடுமையான கிட்டப்பார்வை உண்டாயிற்று. மேலும், ரிட்லியின் வில்லை இன்றைய வில்லையைவிடப் பன்மடங்கு கனமானது. தாங்கிப் பிடிக்கக் கைகள் அற்றது. ஆகையால் சிலர் கண்களில் அது நழுவி விழுந்தது. சிலர் கண்களில் அழற்சியும் அழுத்தமும் மிகுந்தன. இவற்றைக் கண்ட பிறர், வில்லையைக் கருவிழித் திரைக்கு முன்னால் வைத்துப் பார்த்தனர். அங்கோ அது விழிவெண்படலத்தின் அணுக்களை உராய்ந்து அழித்தது. வைத்த வில்லைகளுள் பலவற்றை மீண்டும் எடுக்க வேண்டியதாயிற்று. கண்ணினுள் அயற்பொருளை வைப்பது மடமை என்று அக்காலப் பெருமருத்துவர் பலர் ரிட்லியைக் கடிந்தனர்.

ஆயினும் ஒவ்வோர் இடரும் ஒரு பாடமாயிற்று. வில்லைக்கு உரிய இடம் இயற்கை தந்த பையே என்பது தெளிவாயிற்று. மெல்லிய வளைந்த கைகள் வில்லைக்கு அமைக்கப்பெற்றன. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன், மங்கிய வில்லையை மீயொலி அதிர்வால் உடைத்து உறிஞ்சும் முறையை 1967இல் வெளியிட்டார். பின்னர், மடக்கக்கூடிய வில்லைகள் தோன்றியதால், மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த கீறலே போதுமானதாயிற்று. ரிட்லியும் தம் முதுமையில் இதே அறுவையைச் செய்துகொண்டார். 2000இல் சர் பட்டம் பெற்று, 2001இல் மறைந்தார். இன்று நாம் காணும் நலம், இடர்களை மறைக்காமல் ஆராய்ந்தவர்கள் தந்த நலமாகும்.

அறுவையின்போது நேர்வது

வில்லைப்பையின் முன்பக்கத்தில் வட்டமாகத் திறந்து, உள்ளே இருக்கும் மங்கிய பகுதியை உடைத்து எடுத்து, வெறுமையான பையினுள் புதிய வில்லையை வைப்பர். பையின் பின்சுவர் மிக மெல்லியது. சில வேளைகளில் அது கிழிந்துவிடும். தேர்ந்தவர் கையில் இது நூற்றுக்கு இரண்டு அல்லது அதற்கும் குறைவாகவே நேரும். கிழிந்தால் பளிங்குக் குழம்பு முன்னால் வந்துவிடும். உடைந்த வில்லைத் துண்டுகள் பின்னால் விழுவதும் உண்டு. அப்போது குழம்பைத் தூய்மை செய்து, வில்லையை வேறு வகையில் பொருத்துவர். சிலருக்கு இரண்டாம் அறுவை வேண்டியிருக்கும். இவ்வாறு நேர்ந்தவர்களுக்குப் பின்னாளில் தொற்று, விழித்திரை விலகல், நடுப்புள்ளி வீக்கம் ஆகியவை வரும் வாய்ப்பு சற்று மிகுதி. ஆகவே, “என் அறுவையில் பை கிழிந்ததா?” என்று மருத்துவரைக் கேட்டறிந்துகொள்வது நோயாளியின் உரிமை மட்டுமன்று, பயனுடையதுமாகும்.

இங்கு ஒன்று கூறவேண்டும். சிறுநீர்ப்பைக்கு அடியிலுள்ள சுரப்பி வீங்கிய ஆடவர் பலர் டாம்சுலோசின் என்னும் மருந்தை உட்கொள்கின்றனர். இம்மருந்து கருவிழித் திரையைத் தளர்த்திவிடுகிறது. அறுவையின்போது திரை அலைபாய்ந்து, கண்மணி சுருங்கி, மருத்துவர்க்கு இடையூறு செய்கிறது. இவ்வுண்மை 2005இல் வெளிப்பட்டது. முன்னரே அறிந்தால் மருத்துவர் தக்க ஏற்பாட்டுடன் தொடங்குவார். சிறுநீருக்கான மாத்திரைக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்று எண்ணிச் சொல்லாமல் விடுவது நம்மவரிடையே பெருவழக்கு. அது தவறு.

முதல் நாளும் முதல் வாரமும்

அறுவை முடிந்த மறுநாள் கண் சற்று உறுத்துவதும், நீர் வடிவதும், பார்வை மேகம் படர்ந்தாற்போல் இருப்பதும் இயல்பே. விழிவெண்படலம் சிறிது வீங்குவதால் இம்மங்கல் உண்டாகிறது. பெரும்பாலும் சில நாட்களில் தெளியும். கடினமான புரை உடைக்கப்பட்டவர்க்கும், முன்னரே அணுக்கள் குறைந்திருந்தவர்க்கும் இவ்வீக்கம் வாரக்கணக்கில் நீடிக்கலாம். அணுக்கள் அளவு கடந்து அழிந்துவிட்டால் படலம் தெளிவதே இல்லை. அந்நிலையில் பிறர் கொடையளித்த கண்ணிலிருந்து அணுவடுக்கை மட்டும் எடுத்துப் பொருத்தும் முறை இன்று உண்டு. கண்ணினுள் அழுத்தம் முதல் நாளில் உயர்வதும் உண்டு. தலைவலி, குமட்டல் ஆகியவை அதன் அறிகுறிகள். மறுநாள் வரச்சொல்லிப் பார்ப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இடர்கள் அனைத்தினும் கொடியது கண்ணினுள் புகும் தொற்று. பெரும்பாலும் நோயாளியின் இமையிலும் கண்ணின் மேற்புறத்திலும் வாழும் நுண்ணுயிர்களே கீறலின் வழியாக உள்ளே சென்றுவிடுகின்றன. பளிங்குக் குழம்பு அவற்றிற்கு நல்ல விளைநிலம். அறுவை முடிந்து இரண்டாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் பெரும்பாலும் இது வெளிப்படும். இதன் குறிகள்: நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி மிகுதல், சிவப்பு மிகுதல், தெளிந்துவந்த பார்வை திடீரென மங்குதல், இமை வீங்குதல். சிலர்க்குக் கருவிழியின் அடிப்பகுதியில் வெண்மையான சீழ் படிந்திருப்பதைக் கண்ணாடியிலேயே காணலாம்.

இக்குறிகள் தோன்றினால் மணிக்கணக்கே முக்கியம். “நாளை பார்ப்போம்”, “திங்கட்கிழமை மருத்துவமனை திறக்கட்டும்” என்று தள்ளுவது கண்ணைக் கைவிடுவதாகும். கண்ணினுள்ளிருந்து சிறிது நீரை எடுத்து ஆய்வுக்கு அனுப்பி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கண்ணினுள்ளேயே ஊசிமூலம் செலுத்துவர். ஒளியை உணரும் அளவிற்கே பார்வை தாழ்ந்துவிட்டால், பளிங்குக் குழம்பை அறுவையால் நீக்குவது நலம் பயக்கும் என்பதை 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று.

இத்தொற்றைத் தடுக்கும் முறைகளில் பெருமுன்னேற்றம் ஏற்பட்டுள்ளது. அறுவைக்கு முன்னர் பொவிடோன் அயோடின் நீர்மத்தால் கண்ணைக் கழுவுவது எளிய முறை. மிக்க பயனுடைய முறை. அறுவையின் முடிவில் நுண்ணுயிர்க்கொல்லியைக் கண்ணினுள் செலுத்தும் முறை மற்றொன்று. ஐரோப்பாவில் 16,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பெற்று 2007இல் முழுமையாக வெளிவந்த ஆய்வில், இம்முறை தொற்றை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தது. மதுரையில் 1976இல் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையினர், 20 இலட்சம் அறுவைகளின் விளைவை 2019இல் வெளியிட்டனர். மாக்சிபிளாக்சசின் என்னும் மருந்தைக் கண்ணினுள் செலுத்தாதபோது 10,000 அறுவைக்கு ஏறத்தாழ 7ஆக இருந்த தொற்று, செலுத்தியபோது 2ஆகக் குறைந்ததை அது காட்டிற்று. வெளிநாட்டு வில்லையின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்த காலத்தில், 1992இல் மதுரையிலேயே அரோலேப் என்னும் வில்லைத் தொழிற்சாலையை நிறுவியவர்களும் இவர்களே. தமிழ்நாட்டு நகரம் ஒன்று உலகிற்குத் தந்த பாடம் இது என்பதில் நாம் மகிழலாம்.

ஆனால், வீட்டில் செய்ய வேண்டியதை எந்த மருந்தும் செய்துவிடாது. சொட்டு மருந்து இடுமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவுதல், புட்டியின் நுனி இமையில் படாமல் பார்த்தல், கண்ணைக் கசக்காதிருத்தல், மருத்துவர் கூறும் நாள்வரை குழாய்நீர் கண்ணில் படாமல் காத்தல் ஆகியவை நோயாளியின் கடமைகள். தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் என்று பக்கத்து வீட்டார் கூறும் எதையும் அறுவை செய்த கண்ணில் விடலாகாது.

சில கிழமைகள் கழித்து

அறுவை நன்றாக நடந்தது, பார்வையும் தெளிந்தது. நாலு அல்லது ஆறு வாரங்கள் சென்றபின் எழுத்துகள் கலங்கத் தொடங்குகின்றன, நேர்க்கோடு நெளிகின்றது, ஆனால் வலியில்லை. இது விழித்திரையின் நடுப்புள்ளியில் நீர் கோத்து வீங்குவதன் குறி. 1953இல் இர்வின் என்பவரும் 1966இல் காஸ் என்பவரும் இதனை விளக்கியமையால் அவ்விருவர் பெயராலேயே இது வழங்குகின்றது. அறுவையால் உண்டாகும் அழற்சிப் பொருள்கள் நடுப்புள்ளியின் நுண்ணிய குழாய்களைக் கசியச் செய்வதே காரணம். பெரும்பாலோர்க்குச் சொட்டு மருந்தாலேயே தணிந்துவிடும்.

நீரிழிவுடையோர்க்கு இவ்வீக்கம் மிகுதியாக வருகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம்மவரிடையே நீரிழிவு எவ்வளவு பரவியுள்ளது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நீரிழிவால் விழித்திரை முன்பே பழுதுற்றிருந்தால், புரையை மட்டும் நீக்குவதால் பார்வை முழுதும் மீளாது. ஆகவே, அறுவைக்கு முன்பே விழித்திரையைச் சோதித்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொணர்வது இன்றியமையாதது.

ஆண்டுகள் கழித்து

இனி, “புரை மறுபடியும் வந்துவிட்டது” என்று சொல்லப்படுவதன் உண்மையைக் காண்போம். செயற்கை வில்லையில் கண்புரை தோன்றுவதில்லை. ஏனெனில், புரை என்பது இயற்கை வில்லையின் புரதம் மங்குவது. அந்த வில்லைதான் கண்ணில் இல்லையே! மங்குவது வில்லையைத் தாங்கும் பையின் பின்சுவர். எவ்வளவு தூய்மையாகத் துடைத்தாலும், பையின் ஓரத்தில் சில உயிரணுக்கள் எஞ்சிவிடும். அவை பெருகிப் பின்சுவரின்மேல் ஊர்ந்து பரவி, முத்துகள் போன்றும் இழைகள் போன்றும் படிகின்றன. இதனால் பார்வை பனி மூடினாற்போலாகும். எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்யும். பழைய ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கணக்கின்படி, அறுவை நடந்த 5 ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு 28 கண்களில் இது நேர்ந்தது. வில்லையின் ஓரம் உருண்டையாக இராமல் சதுரவிளிம்பாக இருந்தால், அணுக்கள் அவ்விளிம்பைத் தாண்டிச் செல்ல இயலாமல் தடைப்படுகின்றன. அவ்வாறமைந்த வில்லைகள் வந்தபின் இக்குறை வெகுவாகக் குறைந்துள்ளது.

இதற்குரிய மருத்துவம் மிக எளிது. யாக் லேசர் என்னும் கதிரால், மங்கிய பின்சுவரின் நடுவில் ஒரு சாளரம் திறந்துவிடுவர். கத்தியில்லை, வலியில்லை, சில நிமிடங்களே ஆகும். திறந்த இடத்தில் மீண்டும் திரை மூடுவது அரிது. ஆயினும், அதன் பின்னர்க் கண்ணழுத்தம் சற்று உயரலாம். விழித்திரை விலகலும் அருகி நேரலாம். ஆகையால், மங்கலின் காரணம் பின்சுவரே என்று உறுதிசெய்த பின்னரே இதனைச் செய்வர்.

விழித்திரை விலகல் மற்றோர் இடர். அறுவை நடந்து திங்கள்களோ ஆண்டுகளோ சென்றபின்னும் இது வரலாம். முன்பு கடுமையான கிட்டப்பார்வை இருந்தவர்க்கும், அறுவையில் பை கிழிந்தவர்க்கும் வாய்ப்பு மிகுதி. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பர். அதுபோல, விலகலுக்கு முன் சில அடையாளங்கள் தோன்றும். இருட்டில் மின்னல் வெட்டினாற்போல் ஒளி தோன்றும்; கொசுக்கூட்டம் போல் கரும்புள்ளிகள் திடீரெனப் பறக்கும். அதன்பின் பார்வையின் ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்கினாற்போல் இருள் பரவும். வலி சிறிதுமிராது, வலியில்லாமையே ஏமாற்றும். திரை நடுப்புள்ளியை எட்டுமுன் அறுவை செய்தால் பார்வை பெரும்பாலும் மீளும். எட்டியபின் செய்தால் மீள்வது ஐயமே.

இன்னும் பல ஆண்டுகள் கழித்து, பையைத் தாங்கும் நார்கள் தளர்ந்து வில்லை இடம்பெயர்வதும் உண்டு. ஒன்று இரண்டாகத் தெரிவதும், பார்வை அசைவதும், திடீரென மங்குவதும் இதன் குறிகள். பழைய வில்லையையே தைத்து நிறுத்தியோ புதியதை வைத்தோ இதனைச் சரிசெய்வர்.

நோயல்லாத குறைகள்

அறுவைக்குப் பின் எல்லாக் குறையும் நோயன்று. மஞ்சளித்த பழைய வில்லை போனதால் வெள்ளைத் துணி நீலம் பாய்ந்தாற்போல் தோன்றும், நாளடைவில் பழகிவிடும். கண்ணின் வெளியோரத்தில் பிறைபோன்ற நிழல் தெரிகிறது என்பாரும் உண்டு. வில்லையின் விளிம்பை அடுத்து ஒளி விழும் வகையால் உண்டாவது இது. பெரும்பாலும் சில திங்களில் மறையும்.

வில்லையின் அளவு கண்ணின் நீளத்தையும் விழிவெண்படலத்தின் வளைவையும் அளந்து கணக்கிடப்படுவது. கண்ணின் நீளம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் பிழைத்தால் இரண்டரை டையாப்டருக்கு மேல் கண்ணாடி மாறிவிடும். ரிட்லியின் காலத்தை நோக்க இன்று லேசரால் அளப்பது மிக நுட்பமானது. எனினும் சிறு பிழை எஞ்சலாம். கண்ணாடியைத் தவிர்க்க முன்பு லேசர் அறுவை செய்துகொண்டவர், அதனை மருத்துவரிடம் கூறாவிட்டால் கணக்கு மிகவும் பிறழும்.

பொதுவாக வைக்கப்படும் வில்லை ஒரு தொலைவிற்கே தெளிவு தரும். தூரத்திற்கென்று வைத்தால் படிப்பதற்குக் கண்ணாடி வேண்டும். அறுவை தோற்றதென்று இதனைக் கொள்ளலாகாது. பல தொலைவிற்கும் உதவும் வில்லைகள் உள. ஆனால், அவற்றை வைத்தவர் சிலர்க்கு இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும். மங்கிய எழுத்தைப் பிரித்தறியும் ஆற்றலும் சற்றுக் குறையும். நாள்தோறும் கட்டுரை திருத்தும் ஆசிரியரும், இரவில் வண்டி ஓட்டுபவரும் தத்தம் தொழிலை மருத்துவரிடம் எடுத்துக் கூறியே வில்லையைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

இதுகாறும் கூறியவற்றைச் சுருக்கிக் கூறினால், பொறுத்திருக்கலாகாத குறிகள் நான்கு. அறுவைக்குப் பின் மிகும் வலியும் சிவப்பும், தெளிந்த பார்வை திடீரென மங்குதல், மின்னலும் கரும்புள்ளிகளும், பக்கத்திலிருந்து பரவும் இருள். இவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவரை அடைக. பையச் சிறுகச் சிறுக மங்குவது சில நாட்கள் பொறுக்கும். ஆயினும் அதையும் விதியென்று விடுவது கூடாது. பொருத்திய வில்லையின் அளவு குறித்த அட்டையைப் பத்திரப்படுத்துக. பின்னாளில் வேறு மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால் அது பெரிதும் உதவும்.

நம் முதியோர் பிள்ளைகளுக்குத் தொல்லை கொடுக்கக் கூடாதென்று பல குறைகளை வாய்விட்டுச் சொல்வதில்லை. நாளிதழை எடுத்தவர் இரண்டு வரி பார்த்துவிட்டு மடித்து வைத்தால், படிப்பில் விருப்பம் குன்றிவிட்டது என்று நாம் எண்ணிவிடுகிறோம். கண் தெரியவில்லை என்று எண்ணுவதில்லை. ஒரு கண்ணைக் கையால் மூடச்செய்து மறு கண்ணால் தலைப்பைப் படிக்கச் சொன்னால் அரை நிமிடத்தில் உண்மை புலப்படும். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்னும் பழமொழி நம் வீட்டில் மெய்யாகாதிருக்க, இந்த அரை நிமிடத்தை ஒவ்வொரு மாதமும் பெரியவர்களுக்காக ஒதுக்குவோமாக.